மணி அடிப்பவரின் வீடு

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அருள்நாயகி மறுநாள் பூசைக்கான பீடத்துணியைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தாள். போனில் அவளுடைய தம்பி மில்ரன். மன்னார் ஆஸ்பத்திரியில் பிரசர் குளிசைக்கு வரிசையில் நின்ற அத்தான் அப்படியே சரிந்துவிட்டார் என்றான். பிறகு, "முடிஞ்சுதக்கா" என்றான். அவள் மினுக்கியின் வயரைக் கழற்றினாள். துணியை மடித்துக் கதிரையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தாள்.

அவளுடைய கணவன் லோறன்ஸ் இருபத்திரண்டு வருடம் ஊர்க் கோயிலில் மணி அடித்தவர். தோட்டவெளிக்கு அப்பால் கடலைப் பார்த்து நிற்கும் சின்னக் கோயில். கதவு திறப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, முற்றம் கூட்டுவது எல்லாம் அவர்தான். கோயில் வளவுக்குள் இரண்டு அறை வீடு ஒன்று அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும்.

அன்று காலையும் அவர் சும்மா இருக்கவில்லை. திருநாளுக்கு மூன்று மாதம் இருக்கிறது என்றாலும், மணி தொங்கும் நாலு தூண்களுக்கும் நீலப் பெயின்ற் பூசத் தொடங்கியிருந்தார். மூன்று முடிந்து, நாலாவதில் மேலிருந்து இடுப்பளவுக்கு இறங்கியபோது மில்ரன் மோட்டார் சைக்கிளோடு வந்து ஹோன் அடித்தான்.

"இஞ்சரும், பிறஷை மண்ணெண்ணெயில போட்டு வையும். மிச்சத்தை வந்து பூசுறன்" என்று அருள்நாயகியிடம் சொல்லிவிட்டு அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

லோறன்ஸின் அடையாள அட்டையை எடுத்துப்போக மில்ரன் ஒரு மணிக்கு வந்தான். அதற்குள் வீடு அக்கம்பக்கத்துப் பெண்களால் நிறைந்திருந்தது. ஆண்கள் பலருக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. ஊரில் யார் செத்தாலும் துக்கமணி அடிக்க வேண்டும். அடிக்கிறவரே செத்துப்போனால் யார் அடிப்பது என்று ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. மில்ரன் அழுதுகொண்டே போய்க் கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. டாங் டாங் டாங் என்று மூச்சுவிடாமல் அடித்தான்.

அந்தக் கரையில் நிறுத்தாமல் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். படகொன்று கரை திரும்பவில்லை. சோற்றுக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஆண்கள் கடலுக்கு ஓடினார்கள். இரண்டு படகில் எஞ்சின் இழுத்துவிட்டார்கள். பெண்கள் தங்கள் புருசன்மாரையும் பிள்ளைகளையும் கரையில் எண்ணினார்கள். பங்குச் சபைச் செயலாளர் சிங்கராசா சாரத்தை மடித்துக் கட்டியபடி மணித் தூணடிக்கு ஓடிவந்தார்.

"ஆரின்ர படகடா?"

"அத்தான், அண்ணை..."

"உன்ர அத்தானோ? அவன் எப்பயடா கடலுக்குப் போனவன்! விடடா கயித்தை!"

வீட்டுக்குள் இருந்த அருள்நாயகிக்கு விசயம் விளங்கியது. எழுந்தாள். செத்தவீட்டுக்காரி வாசல் தாண்டக்கூடாது என்று இரண்டு பேர் அவளுடைய கையைப் பிடித்தார்கள். "கடலுக்கு ஓடின சனத்தைத் திருப்பவேணும்" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டாள்.

துக்கமணியின் அளவு லோறன்ஸுக்கு அடுத்ததாக அவளுக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு அடி. பிறகு 'அருள் நிறைந்த மரியே' ஒருதரம் முழுதாகச் சொல்லும் நேரம் சும்மா நிற்க வேண்டும். பிறகு அடுத்த அடி. செத்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி. மற்ற ஆட்களுக்காக அவர் வெளியே அடிக்கும்போது, அவள் அடுப்படியில் நின்று அதே செபத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அன்று தன் புருசனுக்கு அடித்தாள். செபத்தையும் சொல்லி எண்ணிக்கையையும் பிடிக்க முடியவில்லை. மில்ரன் மணலில் குந்தியிருந்து விரல் மடித்து எண்ணினான். "ஐம்பத்தெட்டு முடிஞ்சுது, காணுமக்கா" என்றபோது கயிற்றை விட்டாள். கடற்கரைக்கு ஓடியவர்கள் அதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பி, மணியடியில் தொப்பி கழற்றி நின்றார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மகள் றஞ்சிதா பேச்சைத் தொடங்கினாள். அவள் முருங்கனில் கலியாணம் முடித்து இருக்கிறவள்.

"அம்மா, வேற ஆள் போட்டால் வீட்டை விடத்தானே வேணும். அவை எழும்பச் சொல்லிப் போறதிலும் பாக்க, இப்பவே எங்களோட வாங்கோ."

"முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் பிள்ளை."

"முடிஞ்சால்?"

"தெரியேல்லை."

வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவர் பார்ப்பார் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டைத் தரச்சொல்லி அவள் செபிக்கவும் இல்லை. கேட்டது கிடைக்காவிட்டால் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு முருங்கனுக்குப் போக வேண்டிவரும் என்று பயந்தாள். அந்த வயதில் கோபித்துக்கொள்ள அவளுக்கு வேறு ஆளில்லை. ஆகவே இரண்டு வேலை செய்தாள். சேலைகளையும் கோப்பைகளையும் இரண்டு பையில் கட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிய, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று நேரமும் போய் மணி அடித்தாள். போகச் சொன்னால் போக ஒன்று, இருக்கச் சொன்னால் இருக்க ஒன்று. முதல் நாட்களில் செபம் வாயில் வரவே இல்லை. அந்த நேரத்துக்குச் சும்மா நின்றாள். அதையும் ஆண்டவர் கணக்கில் எடுப்பார் என்று நம்பினாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, மணி வேலை யாருக்கு என்று முடிவெடுக்கப் பங்குச் சபை கூடியது. அருள்நாயகி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மில்ரனோடும் றஞ்சிதாவோடும் கதவோரம் நின்றாள்.

"குறையாய் நினையாத தங்கச்சி" என்று சிங்கராசா தொடங்கினார். "பொம்பிளையள் இஞ்ச ஒருநாளும் இந்த வேலை பாத்ததில்லை. மணி அடிக்கிறதெண்டால் சும்மாவே? கடலில நிக்கிறவனுக்குக் கேக்கவேணும்."

"ஆம்பிளை நான் அடிச்சுக் கேட்டது காணாதோ அண்ணை?" என்றான் மில்ரன். "நீங்கள் சாரம் அவிழ அவிழ ஓடி வந்தனீங்கள்."

பங்குத் தந்தைகூடச் சிரிப்பை அடக்க முடியாமல் கோப்பையை வாயில் வைத்தார். சிங்கராசா மட்டும் சிரிக்கவில்லை. "அண்டைக்கு அவ அடிச்ச பிறகுதான் என்ர நெஞ்சிடி நிண்டது, பாதர். அதையும் சொல்லத்தான் வேணும்" என்றார்.

பாதர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"பை கட்டி வச்சிருக்கிறன் பாதர். பீடத்துணியும் தோய்ச்சு வச்சிருக்கிறன். எது எண்டாலும் சொல்லுங்கோ."

வருகிற வருடத் திருநாள்வரை அவளே பார்க்கட்டும், பிறகு பேசுவோம் என்று பாதர் முடித்தார். றஞ்சிதாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு வருசத்துக்குப் பிறகு?" என்று கேட்டாள். தாய் அதற்கும் தெரியேல்லை என்றுதான் சொன்னாள். ஒரு பையை அன்று பின்னேரமே அவிழ்த்தாள். மற்றது அவிழ்க்காமல் இன்னும் அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து இந்த வருடத் திருநாளுக்குக் கொடி ஏறியது. முற்றத்துக்குப் புது மணல் போட்டாயிற்று, மணிக்குப் புதுக் கயிறும் வந்தது. தூணை முடித்துத் தருவதாக மில்ரன் இரண்டுதரம் கேட்டான். "விடு, நான் பூசுவன்" என்றாள். பிறஷ் மண்ணெண்ணெய்த் தகர ரின்னுக்குள் கிடக்கிறது. நாலாவது தூணில் நீலம் இடுப்பளவோடு நிற்கிறது.