நடைமேம்பாலத்துக்கு வாய்தா

நான் வக்கீலாக இருந்து எம்.எல்.ஏ. ஆன புதிது. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால், ஜனங்கள் அதன் அடியில் புகுந்துதான் தண்டவாளத்தைக் கடப்பார்கள். நடைமேம்பாலம் கேட்டு வந்தவர்களிடம், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன். கோர்ட்டில் தேதி தள்ளிப்போட்டே பழகிய வாய்.

அவர்களில் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா பொரிந்தாள்: "இன்னா வக்கீலே, இங்கியும் வாய்தா வாங்குறியா? வண்டி கெளம்பினா என் தலைதான பூடும்?"

சுள்ளென்று கோபம் வந்தது; ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் தைத்துவிட்டது.

அதன் பிறகு சபையில் எந்த அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்றாலும், "வாய்தா வேண்டாம், தேதி சொல்லுங்கள்" என்று எழுந்துவிடுவேன். என்னைக் கண்டாலே அவர்களுக்கு எரிச்சல். ஆனால் பாலம் வந்தது.

இத்தனை தேர்தல் ஜெயித்தும் அவளுக்கு நான் வக்கீல்தான். நேற்றுகூடப் பாலத்தின் மேலிருந்து கத்தினாள்: "வக்கீலே, குடிதண்ணி கேஸு இன்னா ஆச்சு?"

கீழிருந்து நானும் கத்தினேன்: "வெள்ளிக்கிழமை கொழாய தெறந்து பாரும்மா!"