ராணி அசையாமல் கிடந்தாள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். குரங்கணியில் ஏலக்காய் மூட்டை சுமந்து, போடியில் சொந்தமாகக் கடை போட்டேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பகலில் அடுப்பே எரியாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசியில் அப்படியொரு வெள்ளிக்கிழமை, என் மகள் ஸ்டெல்லாவின் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு விஷம் குடித்துச் சாகிற ராணி வேடம். குடித்தாள், விழுந்தாள். கூட்டம் கைதட்டியது. நான்தான் பலமாகத் தட்டினேன்.

"அசையுதா பாருங்கண்ணே. எம்புள்ள" என்றேன் பக்கத்திலிருந்தவரிடம்.

விளக்கைச் சுற்றிய பூச்சியொன்று அவள் பாதி மூடிய கண்ணில் உட்கார்ந்தது. மெல்ல ஊர்ந்து உதட்டுக்குள் போனது. முகத்தில் ஒரு சுளிப்பில்லை. கைதட்டல் இன்னும் கூடியது.

"ஏங்க, அது நடிப்பில்லைங்க" என்றாள் என் மனைவி.

ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு சில்லிட்டிருந்தது. ராணியைச் சுற்றி நின்று அழுத தோழி வேடப் பிள்ளைகள் நிஜம் தெரியாமல் இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள். நெடுநேரம் தண்ணீர் தெளித்த பிறகே கண் திறந்தாள். மத்தியானம் டீச்சர் கொடுத்த சோற்றுப் பொட்டலம் அவள் பையில் பிரிக்காமல் இருந்தது.

"ஏன் ஆத்தா திங்கலே?"

"நம்ம வீட்ல இன்னிக்கு யாரும் திங்க மாட்டாங்கன்னு கடைக்கு வந்த டீச்சர்கிட்ட நீங்கதானப்பா சொன்னீங்க."

இன்றும் என்னைப்போல் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறவன் போடியில் கிடையாது. ஆனால் தவக்கால வெள்ளிக்கிழமை காலையில், பேரப்பிள்ளைகள் இட்லி தின்று கை கழுவும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.