வலைக்கொட்டகை வேலியில் ஒரு சிவப்புடம்புக்காரி

2008 பிப்ரவரி, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். ‘என் வீட்டு வண்ணத்துப்பூச்சிகள்’ என்ற என் புத்தகம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அட்டையில் கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி, என் தோட்டத்தில் நானே எடுத்த படம். “உடம்பு கருப்பா இருக்கே சார், சிவப்பா இருக்கணும்னு சொல்றாங்களே” என்று முந்தின நாள் பதிப்பாளர் போனில் இழுத்தார். இருபது வருஷமாகப் பூச்சி பார்க்கிறவனிடம் இப்படிக் கேட்டால் கோபம் வருமா வராதா? காரைக்கால் கரையில் இவை கூட்டமாகத் திரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்து அவர் வாயை அடைத்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

தரங்கம்பாடி தாண்டி, பூவத்தில் புதுச்சேரி எல்லை. வரிச்சிக்குடியில் அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள். கோட்டுச்சேரியில் இறங்கி, ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுத்து, கடற்கரையில் மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேடு போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை.

தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வலைக்கொட்டகையின் வேலி முழுக்க ஈச்சுரமூலிக் கொடி. அதன்மேல் இருபது முப்பது பூச்சிகள். கரிய இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் குங்குமப் பொட்டுகள். உடம்போ மிளகாய்ப்பழச் சிவப்பு!

கொட்டகைக்கார அம்மா, பெயர் செல்வி, வலை பிரித்துக்கொண்டிருந்தார். என் அட்டைப் படத்தை நீட்டினேன்.

“இது எங்க பூச்சி இல்லீங்க சார். எங்களதுக்கு ஒடம்பு செவப்புல்ல?”

அவ்வளவுதான், இருபது வருஷம் போயிற்று. என் அட்டையில் இருந்தது வேஷக்காரி. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்கிற வேறு இனத்தின் பெண். பறவைகள் தின்னாமலிருக்க கிரிம்சன் ரோஸின் இறக்கையைப் போல உடுத்திக்கொள்ளும். உடம்பை மட்டும் மாற்றத் தெரியாது. அசல்காரிக்குப் பயமில்லை. புழுவாக இருக்கும்போது அவள் தின்பது இந்தக் கொடியை மட்டும்தான்; அதன் விஷத்தை உடம்பில் ஏற்றிக்கொள்கிறாள். அதனால்தான் அத்தனை நிதானமாகப் பறக்கிறாள்.

இலைகளைப் புரட்டினேன். ஆரஞ்சு முள் வைத்த கருஞ்சிவப்புப் புழுக்கள் பாதிக் கொடியை மொட்டையடித்திருந்தன.

“மருந்து அடிக்க மாட்டீங்களாம்மா?”

“தின்னா தின்னுட்டுப் போவுது. ஒரு மழைக்குத் தழைச்சிரும். இந்தக் கொடி இருந்தா பாம்பு அண்டாதும்பாங்க. வலைக் குவியல்ல கைய விடுறவங்க நாங்க, இத வெட்டுவோமா? ஒங்க வூட்டு வேலியில இல்லீங்களா?”

இருந்தது. போகிக்கு முந்தின நாள் ‘களை’ என்று வேரோடு பிடுங்கிக் கொளுத்தினேன். வேலி சுத்தமானதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் பட்டேன். சே, என்ன மனுஷன் நான்! கேமராவை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினேன்.

பத்தரை வரை நிறையப் படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் அட்டைக்கு லாயக்கானது. கோட்டுச்சேரி திரும்பி, ஒரு டீ குடித்துவிட்டுப் பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

“சிவப்பு உடம்பு கெடச்சுதா சார்?”

“கெடச்சுது. ஆனா அது இந்த ஊரு வேலியில கெடச்சது. புத்தகம் என் வீட்டைப் பத்தினது. அட்டையில பழைய படமே இருக்கட்டும், பூச்சி பேரை மட்டும் மாத்திருங்க.”

“அப்ப உள்ள கிரிம்சன் ரோஸுக்குன்னு ஒரு பக்கம் இருக்கே, அதை எடுத்துரலாமா?”

“வேணாம். அதுல இருக்கிற படத்தை மட்டும் எடுத்துருங்க, பக்கம் இருக்கட்டும். ‘என் வேலியிலிருந்து நானே விரட்டியது’ன்னு போடுங்க.”