அண்ணன் மூளையில் அண்ணிக்கு இடம் எங்கே?

போன மாதம் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பதறாதீர்கள்... ஆள் தேறிவிட்டார். வந்த வியாதியைவிட, அது போகிற போக்கில் வீட்டில் மூட்டிவிட்ட சண்டைதான் பெரிய கதை.

சித்தூரில் இருந்து ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள். நான் திருப்பதிவாசி என்பதால் ஆஸ்பத்திரி வேலை என் தலையில். மூளையின் இடது பக்கம் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பாம். ஊசி போட்டார்கள், பிழைக்கவைத்தார்கள். இரண்டொரு நாளில் அண்ணன் வாய் திறந்தார். பேரு? ஜெயசீலன். ஊரு? சித்தூரு. வலி? “நொப்பி லேது” – வலி இல்லையாம். டாக்டருக்கு ஏக சந்தோஷம். “மாட்ட பாகனே ஒச்சிந்தி” – பேச்சு நன்றாகவே வந்துவிட்டது – என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? டாக்டர் தெலுங்கு, நர்ஸ் தெலுங்கு, பக்கத்துக் கட்டில்காரர் தெலுங்கு. அண்ணன் என்னோடும் தெலுங்கில்தான் பேசினார். நானும் அண்ணனும் பேசினாலே பாதி வாக்கியம் தமிழில் கிளம்பி மீதி தெலுங்கில் போய்ச் சேரும். எங்கள் ஜில்லாத் தமிழர்களுக்கு இதெல்லாம் காதில் உறைக்காது. கூடவே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அண்ணிக்கு உறைத்தது. எஸ்தர் அண்ணி வேலூர்ப் பக்கத்துப் பெண். சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், அவர் தெலுங்கு காய்கறி மார்க்கெட்டைத் தாண்டியதில்லை. ‘எந்த?’ என்று விலை கேட்பார். ‘தக்கிஞ்சு’ என்று குறைக்கச் சொல்வார். படியாவிட்டால் ‘வத்து’, வேண்டாம். கத்தரிக்காய் வாங்க இது போதும். கட்டிய கணவரோடு குடும்பம் நடத்த?

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன அன்றைக்கே எனக்குப் போன்.

“ஏம்மா லில்லி, உங்கண்ணன் என்கிட்ட தெலுங்குல பேசிக்கினு கீறாரு. ‘ஃபேன் வேய்யண்டி’ன்றாரு. இன்னாத்துக்கு இந்த ‘அண்டி’? நான் இன்னா அவரு ஆபீசுக்கு மனு குடுக்க வந்தவளா?”

‘வேய்யண்டி’ என்றால் ‘போடுங்க’; அந்த ‘அண்டி’ வெளியாட்களுக்குப் போடும் மரியாதை. அண்ணன் தாலுகா ஆபீசில் காலமெல்லாம் தெலுங்கில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே தெலுங்கையும் கழற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று மனைவியை மரியாதையாக அழைத்தால்? அண்ணி முடிவே கட்டிவிட்டார் – நடிக்கிறார்!

அடுத்த பஸ்ஸில் போனேன். தமிழில் கேட்டால் எல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாய் திறக்கிறார்... தமிழ் வரவில்லை. நெற்றி வியர்க்கிறது. கடைசியில் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, அண்ணியைப் பார்த்துக் கண் கலங்குகிறார். இது நடிப்பில்லை என்று அந்தக் கண்ணீரிலேயே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. நடிப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் காலை, பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து விளக்கினார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு மூளையில் அடி விழுந்தால், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே திரும்பும். சிலருக்கு ஒன்று முந்திக்கொள்ளும். எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். சில சமயம் தாய்மொழி, சில சமயம் வேலை பார்த்த மொழி. அந்தம்மா தெலுங்கில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அண்ணி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“ஆபீசு ஞாபகம் கீது. அப்போ நான் எங்க கீறேன் அந்த மூளையில?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எந்த ஸ்கேனில் தெரியும் இதெல்லாம்?

அதுவரை அண்ணனுக்குப் படுக்கையில்தான் கஞ்சி. அன்று மதியம் முதல்முறையாகச் சாப்பாட்டு மேஜைக்கு நடத்திக்கொண்டு வந்தோம். எங்களுடையது பழைய மிஷன் குடும்பம். வீட்டுத் தலைவர் ஜெபம் பண்ணாமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டோம். இன்றைக்கு யார் சொல்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கண்ணை மூடினார். நன்றியில் ஆரம்பித்து, ஏழை எளியவர்களைத் தொட்டு, சமைத்த கைகளை ஆசீர்வதித்து, ஆமென் வரைக்கும்... சுத்தத் தமிழ்! ஒரு தடங்கல் இல்லை.

அண்ணி மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் கண்ணைத் திறந்து, “நீள்ளு இவ்வண்டி” என்று தண்ணீர் கேட்டார். அண்ணியின் அழுகை ஒரே நொடியில் வேறு அழுகை ஆனது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இது புதிதில்லை. ஜெபம், பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் யோசித்துப் பேசுவது இல்லையாம். சொல்லிச் சொல்லிப் பழகியது, மூளையில் வேறு வழியாக வந்துவிடும். (கெட்ட வார்த்தையைச் சோதிக்க அண்ணி அனுமதிக்கவில்லை.) “அந்த ஜெபத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வார்த்தையை விட்டுக்கொடுங்கள், அவர் நிரப்பட்டும்” என்றார்.

அவ்வளவுதான், அண்ணி கிளம்பிவிட்டார். மேஜையில் உட்கார்ந்தால், “ஆண்டவரே, நேத்து சமைச்ச அந்த...” என்று நிறுத்துவார். அண்ணன் திணறுவார். அண்ணி விடமாட்டார். கேஸ் சிலிண்டருக்காக ஜெபம், மாடி வீட்டுக்காரர் முழங்காலுக்காக ஜெபம், சென்னையில் இருக்கும் மகனுக்குப் பெண் கிடைக்க ஜெபம். எங்கள் சபைப் பாஸ்டர் ஐயர்கூட இவ்வளவு நீளமாக ஜெபித்ததில்லை. கர்த்தருக்கே கொட்டாவி வந்திருக்கும். சோறு ஆறி, அப்பளம் நமுத்து... ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. அண்ணன் ஒரு நாள் ‘கீரை’ என்றார். இன்னொரு நாள் ‘முழங்கால்.’ அண்ணி சந்தோஷப்பட்டார். ஆனால் அவருக்கு வேண்டியது கீரையா, முழங்காலா? தன்னைப் பார்த்து, தனக்கென்று ஒரு வாக்கியம். அது வரவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அங்கேதான் சாப்பாடு. மீன் குழம்பு. அண்ணன் ஜெபத்தை ஆரம்பித்தார். வழக்கமான வரிகள், வழக்கமான வேகம். “...சமைத்த கைகளை ஆசீர்வதியும்” என்றவர் ஆமென் சொல்லவில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணைத் திறந்து குழம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! உதடு துடிக்கிறது. அப்புறம் அண்ணியைப் பார்த்தார்.

“எஸ்தரு... பு... புளி ஜாஸ்தி.”

அண்ணி சமையலில் குறை சொன்னவர்கள் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அந்த அண்ணிதான் எழுந்துபோய் அண்ணன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி, “ஆமென்... ஆமென்” என்றார்.

நானும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும் – புளி ஜாஸ்திதான்.