சோற்றுக்குப் பிடித்த குடை

என் வாய் சும்மா இருக்காது. அதற்காக வீட்டில் வாங்காத திட்டில்லை. ஆனால் நாடகப் பைத்தியங்கள் கூடும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாய்க்குத்தான் மவுசு.

அந்தக் குழுவில் எனக்கு ஒரு தோழி உண்டு. நானும் அவளும் துறைமுகச் சரக்குக்குப் பேப்பர் தயார் செய்யும் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. எந்த மூலையில் நாடகம் போட்டாலும் சேர்ந்து போவோம். முடிந்து வெளியே வந்ததும் சரக்கைச் சோதிக்கிற மாதிரி நான் குழுவில் ஒரு தீர்ப்பு சொல்வேன்: கிளியர், ஹோல்டு, இல்லையென்றால் டேமேஜ். ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். வேண்டியவர்கள் போடும் நாடகம் என்றால் அதை யாரும் முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாது. தெரிந்தால் இரக்கம் வந்துவிடும், தீர்ப்பு கெட்டுப்போகும்.

அன்று ராயபுரத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் புதுப் பாட்டு நாடகம். கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் கவுன் மாட்டிக்கொண்டு ஆடின. நண்டு ஒன்று டிராஃபிக் போலீஸாக வந்து கடலுக்கு அபராதம் போட்டது. இடைவேளையில் தான் குடித்தது வெறும் டீதானா என்று பின்னால் ஒருவர் சந்தேகப்பட்டார். அப்புறம் ஒரு பெரியவர் சாப்பிட உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் நின்று, வீட்டுக்குள்ளேயே, அவருக்குக் குடை பிடித்தாள். முழுப் பாட்டுக்கும் அப்படியே நின்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வாசலிலேயே நின்று குழுவுக்குக் குரலில் பேசி அனுப்பினேன். “மாமு, கதை இன்னான்னு மட்டும் கேக்காத. சோத்துக்குச் சளி புடிச்சிடும்னு ஒருத்தி கொடை புடிச்சிகினு நிக்கிறா. சரக்கு டேமேஜ்.”

குழு பற்றிக்கொண்டது. ஒருத்தர் இட்லிக்குக் குடை பிடித்துப் படம் போட்டார். ரசத்துக்கு ரெயின்கோட் எங்கே கிடைக்கும் என்று இன்னொருத்தர் விசாரித்தார். எப்போதும் எனக்கு முன்னால் சிரிக்கிற அவள், தலைவலி என்று சொல்லிவிட்டுக் கொருக்குப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குத் தனியாக ஆட்டோ பிடித்தாள். தலைவலி என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். நான் துருவினேன்.

“நாடகத்துல துன்ன ஒக்காந்த அந்தப் பெரியவரு எங்க நைனாடி. கூட்ஸ் யார்டுல கரி எறக்கினவரு. கடைசி காலத்துல புத்தி தடுமாறிப் போச்சு. வூட்டுக்குள்ள கரித்தூள் வுழுது, சோத்துல வுழுதுன்னு கை வைக்க மாட்டாரு. நான் கொடை புடிச்சாதான் துன்னுவாரு. நாடகம் எழுதினது என் தம்பி.”

தம்பி எங்கோ லைட்டு போடுகிற வேலை செய்கிறான் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

“ரூல்ஸ் போட்டது நீதான? தெரியாம நீ கிளியர்னு சொல்லணும்னு ஆசப்பட்டேன்.”

என் குரல் நாடகக்காரர்கள் காதுக்கும் போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவை போடும்போது குடையை எடுத்துவிடப் போவதாகத் தம்பி சொல்லிவிட்டான். அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். “அந்தக் கொடைலதான்டி எங்க நைனா கீறாரு” என்றாள்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தத் துறைமுகப் பக்கம் குடியிருக்கிறேன். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் படிந்த கரியை எத்தனை தடவை உதறியிருப்பேன்? கரித்தூள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? குழுவில் மன்னிப்புக் கேட்டு மறுபடி பேசி அனுப்பினேன். அதையும் காமெடி என்று நினைத்துச் சிரித்துத் தள்ளினார்கள். அந்தத் தம்பிக்குப் போன் செய்து, தெரியாமல் உளறிவிட்டேன், குடை இருக்கட்டும் என்று மன்றாடினேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “நீங்க நல்லா நாடகம் பாக்கறவங்கக்கா. உங்களுக்கே சிரிப்பு வந்துச்சுன்னா தப்பு என்மேலதான். எங்க நைனாவப் பாத்து யாரும் சிரிக்க வேணாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளும் நானும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். வண்டிப் பெட்டிகள் ஆடின, நண்டு அபராதம் போட்டது, ஜனம் சிரித்தது. பெரியவர் சாப்பிட உட்கார்ந்தார். மகள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. நல்ல பாட்டு என்று பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். என் தோழியின் வலது கை மடியிலிருந்து எழுந்து தலைக்கு மேலே போயிருந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன. மேடையில் அவர் ஒவ்வொரு கவளமாக எடுத்து வாயில் போட, அவள் இங்கிருந்து குடை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மேடை மறைக்கிறது, கையை இறக்கச் சொல்லுங்கள் என்று பின்வரிசைக்காரர் என் தோளைத் தட்டினார்.

“அவரு துன்னு முடிக்கட்டும்” என்றேன்.