கேமராமேனுக்கும் ஒரு பொன்னாடை

நீங்கள் பொய் சொன்னீர்கள். ஹூஸ்டனில் உட்கார்ந்து ஆறு மணிச் செய்தி வாசிக்கும் உங்களைத்தான் சொல்கிறேன்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் புத்தாண்டு விழாவுக்கு, பள்ளி வாரியத் தேர்தலில் நின்ற ஒருவர் அழைக்காமலே வந்தார். பின்னாலேயே உங்கள் கேமராவும் வந்தது. மேடை ஏறியவருக்கு நான் பொன்னாடை போர்த்தினேன். மேடை ஏறும் யாருக்கும் நாங்கள் அதைச் செய்வோம். அன்று மைக் செட் போட்டவருக்கும் போர்த்தினோம், உங்கள் கேமராமேனுக்கும் போர்த்தினோம். அவர் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

மாலையில் அந்தப் பொன்னாடைக் காட்சியைக் காட்டி நீங்கள் வாசித்தீர்கள்: தமிழர்கள் அந்த வேட்பாளரை ஆதரிக்கிறார்களாம்.

அவரை எதிர்த்து நின்றவர் எங்கள் சங்கத்து டாக்டரம்மா. அவருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவன் நான். அன்றே அவரிடமிருந்து போன் வந்தது.

“எனக்கு ஓட்டு கேட்டுட்டு, அவருக்கு ஷால் போடுறீங்களா?”

“மேடம், நாம எல்லாருக்கும்தானே போடுறோம்.”

“எனக்குத் தெரியும் சார். நியூஸ் பாக்குறவனுக்குத் தெரியுமா?”

டாக்டரம்மா தோற்றார். அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். நடந்ததைத்தான் காட்டினோம் என்றார்கள். அப்படியானால் உங்கள் கேமராமேன் எந்தப் பதவிக்கு நிற்கிறார்? அவரையும் நாங்கள் ஆதரித்ததாக ஏன் வாசிக்கவில்லை?

எங்களில் யாரைக் கேட்டு அப்படிச் சொன்னீர்கள்? மின்னஞ்சலில் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அதே ஆறு மணிச் செய்தியில், டாக்டரம்மா பார்க்கும்படி பதில் சொல்லுங்கள்.