நிலாவுக்கு முள் போடுவது யார்? – வத்தல்மலையில் ஒரு ஞாயிறு

இந்தப் பயணம் ஒரு சண்டையில் தொடங்கியது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மூத்த சக ஊழியர் ஒருவர் நிலாவைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மண்ணில் ஹீலியம்-3 இருக்கிறது, சூரியக்காற்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்தது, அணு இணைவு உலைக்கு எரிபொருளாகும், அது எல்லாருக்கும் பொது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், ராக்கெட் வெச்சிருக்கறவன் எடுப்பான். இல்லாதவன் அண்ணாந்து பாப்பான்" என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஞாயிறன்று அறையில் கிடக்கப் பிடிக்காமல் வத்தல்மலைக்குக் கிளம்பினேன். மார்ச் மாதம், புளி உலுக்கும் காலம்.

காலை 5.30 மணிக்குப் புறப்பட்டு ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழியாகத் தருமபுரி. பைக் மீட்டரில் 88 கி.மீ. 7.45க்கு இட்லி, வடை, டீ, 55 ரூபாய். தேய்பிறை நிலா மேற்கில் வெளுத்துக் கிடந்தது. அங்கிருந்து மலைமேல் 25 கி.மீ. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். மேலே சேரும்போது மணி 9.10.

சாலையோரம் ஒரு பெரிய புளியமரம். அடியில் முள் கிளை ஒன்று, அதன்மேல் ஒரு கல். குப்பை என்று நினைத்துக் காலால் தள்ளிவிட்டு, நிழலில் பைக்கை நிறுத்தினேன். பள்ளத்தாக்கைப் படம் எடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், மரத்தின்மேல் ஒருவர் கிளையை உலுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே ஒரு பெண் கத்திக்கொண்டிருக்கிறார்.

"மாரியப்பா, எறங்குடா! நேத்தே முள்ளு போட்டேன்டா!"

"எங்கக்கா முள்ளு? ஒன் வாய்லதான் இருக்குது. மரத்துல இல்ல!"

நான் காலால் தள்ளியதுதான் அந்த முள். சத்தமில்லாமல் வண்டியை எடுத்துப் போயிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், சாவியை எடுத்தும்விட்டேன். ஆனால் அந்தக்கா, பெயர் ராஜாத்தி, மேலே பார்த்துச் சொன்னார்: "இத வித்துத்தான்டா மழைக்கு முன்னாடி வூட்டுக்குத் தகரம் போடணும். ஒனக்குத் தெரியாதா?"

"அக்கா, முள்ள எடுத்தது நான்தாங்க" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாரியப்பன் இறங்கிவிட்டார். "மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அதுக்குள்ள ரெண்டு கிளை உலுக்கிட்டேன் பாரு."

அந்த ஊர் வழக்கம் இது. இந்த மரங்கள் யாருக்கும் சொந்தமில்லை. முள் போட்டவர் உலுக்கலாம். முள் இல்லாத மரத்தில் யாரும் ஏறலாம், விழுந்தது உலுக்கியவருக்கு. மாரியப்பன் மேல் தப்பில்லை. இரண்டு கிளைப் புளியும் அவருக்கே. மிச்ச மரம் அக்காவுக்கு. நான் பர்சை எடுத்தேன்.

"காசு எதுக்கு? குனிஞ்சு பொறுக்கு" என்றார் ராஜாத்தி.

பகல் மூன்றரை வரை பொறுக்கினேன். முதுகு விட்டுப்போனது. நடுவில் களியும் கீரையும் கொடுத்தார். எல்லா மரத்துக்கும் ஒருவரே முள் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு ரெண்டு மரந்தான். மூணாவதுக்குப் போட்டா யாரு வேணா பிடுங்கிப் போடலாம். போன வருசம் இவன் போட்டான், நான்தான் பிடுங்குனேன்."

"அத இன்னும் மறக்கல பாரு" என்றார் மாரியப்பன்.

நிலாச் சண்டையைச் சொன்னேன். மாரியப்பன் சிரித்தார். "நெலாவுல புளி இருந்தா சொல்லு, வரேன்."

ராஜாத்தி சிரிக்கவில்லை. "அங்க எத்தினி மரத்துக்கு முள்ளு போடலாமாம்?"

நிலா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று ஒப்பந்தம் இருக்கிறது. தோண்டி எடுத்ததைத் தோண்டியவரே வைத்துக்கொள்ளலாம் என்று சில நாடுகள் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் போட்டுக்கொள்ளும் பேச்சும் இருக்கிறது. அதாவது முள் உண்டு, கணக்கு இல்லை. மூன்றாவது முள்ளைப் பிடுங்க ஆளே இல்லை. இணைவு உலையே இன்னும் கைகூடவில்லை, அதற்குள் இந்த அவசரம். ராக்கெட் வைத்திருப்பவன் எடுப்பான் என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டது கேவலம். எடுப்பவனுக்கு அளவு வைக்கும் உரிமை, ராக்கெட் இல்லாதவனிடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொது என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

போகிறவர்களுக்கு: தருமபுரியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போகவர 520 ரூபாய் ஆனது. தண்ணீர் இரண்டு லிட்டர் போதும். காலையில் ஏறுங்கள், இருட்டுவதற்குள் இறங்குங்கள். மலைமேல் எதையாவது நகர்த்துவதற்குமுன், அது யாருடையது என்று கேளுங்கள்.

கிளம்பும்போது ராஜாத்தி மூட்டைகளைப் பார்த்தபடி நின்றார். போதுமா அக்கா என்றேன்.

"அடுப்படிக்கு மட்டும் தகரம் போட்டுக்கறேன். படுக்கற எடம் அடுத்த வருசம்" என்றார்.